வேகத்துக்கு மூன்று, மௌனத்துக்கு ஆறு

மௌனம் கலக நாஸ்தி என்று நம் முன்னோர் வகுத்த கோட்பாடு, சம்பந்தி சம்பாஷணைகளிலும் பாகப் பிரிவினைகளிலும் நெடுங்காலம் சோதிக்கப்பட்டுப் பழுதின்றி நிலைபெற்றதாயினும், இங்கிலாந்து தேசத்தில் புதிதாகச் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்ற ஒருவன் 30 மைல் விதித்த வீதியில் 37 மைல் வேகத்தில் சென்றபின் அது அறவே செல்லாது என்று நிறுவுவதே இவ்வாராய்ச்சியின் நோக்கமாகும். இவ்விஷயத்தைப் பேச எனக்குள்ள யோக்கியதை யாதெனில், அந்தச் சாரதி என் மகன். கார் என் பெயரில் பதிவானது. கடிதமும் எனக்கே வந்தது.

வேகத்துக்குத் தண்டம் விதிக்கும் சாஸ்திரம் இந்நாட்டில் மிகப் புராதனமானது. குதிரையின்றித் தானே ஓடும் வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைலுக்கும் வெளியில் 4 மைலுக்கும் மேற்படலாகாதென்றும், அதற்கு 60 கெஜம் முன்னே ஓர் ஆள் செங்கொடி ஏந்தி நடக்க வேண்டுமென்றும் 1865ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. கொடி பிடிக்கும் விதி பின்னர் தளர்ந்தாலும் வேக எல்லை தளராதிருந்த 1896 ஜனவரியில், கென்ட் பிரதேசத்தில் வால்டர் ஆர்னால்ட் என்பார் 2 மைலுக்குரிய இடத்தில் 8 மைல் வேகத்தில் சென்று, சைக்கிளில் துரத்திவந்த கான்ஸ்டபிளிடம் அகப்பட்டு, அவ்வேகத்துக்காக ஒரு ஷில்லிங் அபராதம் கட்டினார். விதித்ததற்கு நான்கு மடங்கு வேகம். அதே விகிதத்தை என் மகன் அனுசரித்திருந்தால் 120 மைலில் போயிருக்க வேண்டும். ஒரு ஷில்லிங் என்பது இன்றைய நாணயத்தில் ஐந்து பென்ஸ் என்று நான் கணக்குச் சொன்னபோது அவன் விட்ட பெருமூச்சு சரித்திர உணர்ச்சியால் எழுந்ததன்று.

நம் ஆராய்ச்சிக்கு இதனினும் அனுகூலமான சான்று 1905இல் தோன்றிய மோட்டார்காரர் சங்கமாகிய ஏஏ என்பதன் வரலாற்றில் கிடைக்கிறது. வீதியோரத்து வேலிக்குப் பின்னே கடிகாரத்துடன் பதுங்கியிருந்த பொலிசாரைப் பற்றித் தன் அங்கத்தவர்களை எச்சரிப்பதற்கே அச்சங்கம் சைக்கிளேறிய காவலர்களை நியமித்தது; வேகமாக வருகிறவனை எச்சரிப்பது பொலிசாரின் கடமைக்கு இடையூறு என்று 1910இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தவுடன், சங்கத்தார் ஒரு நூதனமான உபாயம் கண்டார்கள். சங்கத்தின் சின்னம் பொருத்திய காரைக் கண்டால் காவலர் சலாம் வைப்பார். முன்னே பொறி இருந்தால் சலாம் வைக்கமாட்டார். செய்யாத ஒன்றுக்காக ஒருவனைக் கூண்டில் ஏற்றுவது எங்ஙனம்? அன்று வாய் திறந்தவன் குற்றவாளி, கையைக்கூட உயர்த்தாதவன் உத்தமன் என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். ஏனெனில் நூறு ஆண்டுகளுக்குள் இந்த நியாயம் தலைகீழாயிற்று.

தலைகீழாக்கியது ஒரு கருவி. மோண்டி கார்லோ பந்தயத்தில் 1953இல் வென்ற ஒல்லாந்து தேசத்து மொரிஸ் காட்சோனிடஸ், வளைவுகளில் தாம் செல்லும் வேகத்தை அளந்து, அதனை இன்னும் கூட்டிக்கொள்ளும் பொருட்டுச் செய்த யந்திரத்தின் வழித்தோன்றலே இன்று இங்கிலாந்தின் வீதியோரங்களில் மஞ்சட் பெட்டிக்குள் அமர்ந்திருக்கிறது. வேகப் பிரியர் ஒருவரின் சந்ததி வேக நிக்கிரகம் செய்யப் புறப்பட்ட இந்த விந்தை தனி ஆராய்ச்சிக்கு உரியது. நமக்கு வேண்டியது வேறு: அக்கருவி காரைப் பின்புறமிருந்து படம் பிடிக்கிறது. இலக்கத் தகடு தெரியும், முகம் தெரியாது. பிரத்தியட்சப் பிரமாணம் பிடரியோடு நின்றுவிடுவதால், சட்டமானது எஞ்சியதை ஆப்த வாக்கியத்தால், அதாவது கார்க்காரன் வாய்மொழியால், நிரப்பிக்கொள்ள வேண்டியதாகிறது. இதிலிருந்துதான் கடிதம் பிறக்கிறது.

கடிதத்தைப் பிரிக்குமுன் புள்ளி என்னும் பதார்த்தத்தை விளங்கிக்கொள்வது அவசியம். நம்மவர் இல்லங்களில் புள்ளி என்றால் பரீட்சைப் புள்ளி, பிள்ளை பெற்றுவருவது, பெறாவிட்டால் அடுத்த வீட்டுப் பிள்ளை எத்தனை பெற்றான் என்று கேட்கப்படுவது. ஆங்கிலச் சாரதி சாஸ்திரத்திலோ புள்ளி என்பது பாவம். அதனைப் பதியும் சித்திரகுப்தனின் காரியாலயம் வேல்ஸ் நாட்டுச் சுவான்சி நகரில் உள்ளது. சாதாரண வேகக் குற்றத்துக்கு 100 பவுண் தண்டமும் 3 புள்ளிகளும் சேரும். பழைய சாரதிக்கு மூன்று ஆண்டுகளில் 12 புள்ளிகள் திரண்டால்தான் ஆபத்து. புதியவனுக்கோ, 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேறிய நாள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் 6 திரண்டாலே அனுமதிப்பத்திரம் ரத்தாகும். அவன் மீண்டும் சிவந்த எல் எழுத்தைக் காரில் ஒட்டிக்கொண்டு, எழுத்துப் பரீட்சை முதல் வீதிப் பரீட்சை வரை யாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். வீதிப் பரீட்சையில் ஏறக்குறைய 40 நிமிஷத்துக்குள் 15 சிறு பிழைகள் வரை பொறுத்துக்கொண்டு புன்னகையோடு தேர்ச்சிப் பத்திரம் நீட்டிய அதே இராச்சியம், அதன்பின் இரண்டு ஆண்டுகளில் இரண்டு வேகப் பிழைகளைப் பொறுப்பதில்லை. கன்னிகாதானத்துக்கு முன்னும் பின்னும் மாப்பிள்ளை வீட்டார் சுபாவம் மாறுவதைக் கண்டவர்களுக்கு இது வியப்பளியாது.

“அங்கே 30 என்று பலகையே இல்லை, அப்பா” என்பது மகனின் முதல் வாதம். இங்கிலாந்தில் 200 கெஜத்துக்கு மேற்படாத இடைவெளியில் தெருவிளக்குகள் நிற்கும் வீதியில், வேறு பலகை இல்லாவிடில், விளக்குக் கம்பமே 30 என்னும் சாசனமாகும். ஆகவே பலகை இல்லாமையே அவனுக்கு எதிரான சாட்சி. வேகமானி குறைத்துக் காட்டிற்று என்ற இரண்டாம் வாதமும் நிற்கவில்லை. உள்ள வேகத்தைவிடக் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டலாகாது என்பதே அக்கருவிக்கு இட்ட விதி.

இனிக் கடிதம். குற்றம் நடந்து 14 நாட்களுக்குள் பதிவுக்காரனுக்கு அறிவித்தல் வரவேண்டும். ஓட்டியவன் யார் என்று அவன் 28 நாட்களுக்குள் விடையிறுக்க வேண்டும். இவ்விடத்தில் பூர்வபட்சத்தை எடுத்துரைத்தவர் என் மனைவியின் தம்பி; சட்டம் படியாதவராயினும், அல்லது படியாத காரணத்தால், எச்சிக்கலுக்கும் மூன்று வழி வைத்திருப்பவர்.

“அத்தான், கடிதத்தைக் கண்டதாகவே காட்டாதேங்கோ. கையெழுத்து வைச்சே வாங்கினீங்கள்?”

சாதாரணத் தபாலில் இட்டாலும் சேர்ந்ததாகவே சட்டம் கொள்ளும், சேரவில்லையென்று நிரூபிக்கும் பாரம் நம்முடையது என்றேன்.

“அப்ப பேசாமல் இருங்கோ. பேசாத மனுசனை என்ன செய்வினம்?”

என்ன செய்வார்கள் என்பதில்தான் இச்சாஸ்திரத்தின் மர்மம் அடங்கியுள்ளது. வேகமாகப் போனவனுக்கு 3 புள்ளி. யார் போனது என்று சொல்லாதவனுக்கு 6 புள்ளியும், 1000 பவுண் வரை தண்டமும். அதாவது, இங்கிலாந்துச் சட்டத்தின் தராசில் ஒரு மௌனம் இரண்டு வேகங்களுக்குச் சமம். மைத்துனர் இதனைக் கேட்டுத் தளரவில்லை. “அந்த ஆறும் உங்களுக்குத்தானே, பெடியனுக்கில்லையே. உங்களிட்டப் பன்னிரண்டு இருக்கு” என்று என் புள்ளிகளைச் சீதனக் காணிபோலப் பங்கிடத் தொடங்கினார். அதுவும் வேண்டாமென்றால், ஓட்டியது நானே என்று எழுதிவிட்டு மூன்றோடு தப்பலாம் என்பது அவருடைய கடைசி வழி. தகப்பனின் பாவத்தை மகன் சுமப்பது நம் புராணங்களில் உண்டு. மகனின் பாவத்தைத் தகப்பன் தபாலில் வாங்கிக்கொள்வதற்குப் பிரமாணம் கிடையாது. மேலும், 2003இல் தம் வேகப் புள்ளிகளை மனைவியின் பெயரில் ஏற்றிய கிறிஸ் ஹியூன் என்பார், பின்னர் மந்திரியாகவும் இருந்து, உண்மை வெளிப்பட, பத்து ஆண்டுகள் கழித்து, கணவனும் மனைவியும் தலைக்கு 8 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்கள். மூன்று புள்ளி, இரண்டு சிறைவாசம். இந்த உதாரணத்தை நான் சொன்னபோது அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தேன்.

ஆகவே சித்தாந்தம்: மகனின் பெயரை எழுதினேன். அடுத்து அதே வினாவுடன் அவன் பெயருக்கே ஒரு கடிதம் வந்தது; அதற்கு அவன் மௌனம் சாதித்திருந்தால், ஆறும் ஒரே தவணையில் சேர்ந்து, ஓட்டிய குற்றத்துக்குப் போகாத அனுமதிப்பத்திரம் ஓட்டாமல் உட்கார்ந்திருந்த குற்றத்துக்குப் போயிருக்கும். அவன் எழுதினான்.

எழுதியவனுக்கு ஒரு பிராயச்சித்தம் உண்டு. 30 மைல் வீதியில் 35 முதல் 42 வரை சென்றவனுக்கு, பொலிசார் இசைந்தால், புள்ளிக்குப் பதிலாக வேக விழிப்புணர்வு வகுப்பொன்றில் சில மணி நேரம் இருந்து கரையேற வழி உண்டு. மூன்று ஆண்டுக்குள் இரண்டாம் முறை கிடையாது. பரிவீட்சைக் காலமோ இரண்டே ஆண்டு. எனவே புதிய சாரதிக்கு இந்தக் கங்கை ஒருமுறைதான் ஓடும். மகன் மாடியறையில் கணினிக்கு முன் அமர்ந்து வகுப்பைக் கேட்டான். தாயார் இடையே தட்டில் வடையுடன் உள்ளே போனதையும், போதகர் பேச்சை நிறுத்தியதையும் ஆராய்ச்சிக்குப் புறம்பானவை என்று விடுகிறேன்.

இதனை வாசிக்கும் வேளையில் எந்த வீட்டிலாயினும் அத்தகைய கடிதம் அலமாரியின் மேல் பிரிக்கப்படாமல் கிடக்குமாயின், கட்டுரையை இவ்வளவில் நிறுத்தி, மேலே இட்ட தேதியிலிருந்து 28 நாட்களை எண்ணிக்கொண்டு, உண்மைப் பெயரை எழுதி, கையொப்பமிட்டு இன்றே தபாலில் சேர்த்துவிடுங்கள். தபாற்பெட்டி வரை நடந்தே போங்கள்.