பூட்டைச் சோதிக்கிறவர்கள்

கே: 'பாதுகாப்பில் ஓட்டை இருக்கிறது என்று காட்டவே வைரஸ் எழுதுகிறோம்' என்கிறார்களே ஹேக்கர்கள், நியாயம்தானா?

ப: பூட்டு சரியில்லை என்றால் வீட்டுக்காரரிடம் சொன்னால் போதும், பீரோவைக் காலி செய்து காட்ட வேண்டியதில்லை! 2000 மே மாதம் மணிலாவிலிருந்து 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. இணைப்பைத் திறந்தால் போச்சு. அதிலிருக்கும் வைரஸ், கணினியிலிருந்த ஜேபெக் படங்களை அழித்து அந்த இடத்தில் தன்னையே எழுதிக்கொள்ளும். அவுட்லுக் முகவரிப் பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும், மேனேஜர் உட்பட, உங்கள் பெயரிலேயே காதல் கடிதம் போய்விடும். எழுதியவர் ஓனல் டி குஸ்மான் என்ற இளைஞர். இணையத்துக்குப் பணம் கட்ட வசதியில்லாமல் கடவுச்சொல் திருடப் போனவர். அந்த ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் பறிபோனது யார் யாருடைய குழந்தைகளின் படங்களோ! பிலிப்பைன்ஸில் அப்போது இதற்குச் சட்டமே இல்லாததால் வழக்கு கைவிடப்பட்டது; வைரஸ் பரவிய அடுத்த மாதமே சட்டம் வந்தது. சட்டம் இல்லாததால் தப்பும் இல்லை என்று நான் ஒப்ப மாட்டேன். வைரஸ் எழுதுவதைவிட அதன் நிரலைப் பகிர்வது மோசம். அந்த வைரஸின் நிரல் வந்த இடமெல்லாம் படிக்கக் கிடந்தது. சில நாட்களிலேயே தலைப்பை மாற்றிப் புதுப்புது வைரஸ்களை இறக்கிவிட்டார்கள்.