நாலு சில்லு அண்ணை

ஸ்காபரோவிலிருந்து ஏஜக்ஸ் வரை எந்தத் தமிழ்க் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் கார் தரிப்பிடத்தில் அவரைக் காணலாம். ஒக்டோபர் கடைசியாக இருக்கும். தன் பெரிய கறுப்பு எஸ்யூவியில் சாய்ந்து நிற்பார். "அண்ணை, வின்ரர் ரயர் போட்டாச்சோ?" என்று யாராவது வாயைக் கொடுத்தால் போதும். வண்டியைச் செல்லமாகத் தட்டிவிட்டு, "தம்பி, இது ஓல்-வீல் ட்றைவ். நாலு சில்லும் இழுக்கும்" என்பார். தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இனிச் சாட்சிகளைத் தேடவேண்டியதுதான் பாக்கி.

நாலு சில்லும் இழுப்பது உண்மைதான். விடியற்காலையில் முழங்கால் ஆழப் பனியிலிருந்து அண்ணையின் வண்டி வெளியே வரும் அழகே தனி. பக்கத்து வீட்டுக் கொரோலா நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்க, இவர் கையசைத்துவிட்டுப் போவார். வில்லங்கம் மார்க்கம் வீதியில் சிவப்பு விளக்கு விழும்போதுதான் வரும். பிரேக் என்று வந்துவிட்டால் கொரோலாவுக்கும் நாலு சில்லு, இவருக்கும் நாலு சில்லு. இவரிடம் கூடுதலாக இருப்பது எடை மட்டும்தான். அவ்வளவு எடையையும் பிடித்து நிறுத்தவேண்டியது ரயரின் றப்பர். சாதாரண ரயரின் றப்பர் சுமார் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடும். வின்ரர் ரயரின் றப்பர் கடுங்குளிரிலும் இளக்கமாக இருந்து வீதியைப் பற்றும். இதையெல்லாம் அண்ணையிடம் சொன்னால், "நான் மெதுவாத்தானே ஓடுறனான்" என்பார். அந்த மெதுவை எட்டிப் பிடிக்க 401 நெடுஞ்சாலையில் முயன்றவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

முதல் சாட்சி, ரயரின் பக்கவாட்டில் இருக்கும் எம்+எஸ் எழுத்து. சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று கொம்பனியே எழுதித் தந்திருக்கிறதாம். அது ரயரின் வெட்டுகளைப் பார்த்துக் கொடுக்கும் எழுத்து. பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறிய ரயருக்கு மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவுமாகத் தனி முத்திரை உண்டு. அண்ணையின் ரயரில் மலையுமில்லை, பூவுமில்லை.

இரண்டாவது சாட்சி ஊர். "நாங்கள் மொட்டை ரயரோடை ஏ-40 கார் ஓடின ஆக்கள்!" யாழ்ப்பாணத்து வீதியில் பனங்காய் விழுந்ததுண்டு, ஸ்நோ விழுந்ததாகத் தகவலில்லை.

மூன்றாவது சாட்சி சட்டம். "அவ்வளவு அவசியமெண்டால் அரசாங்கம் சட்டம் போட்டிருக்காதோ?" கியூபெக்கில் 2008 முதலே இருக்கிறதே, இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயமாச்சே என்று மடக்கினால், "அது கியூபெக் நம்பர் பிளேற்றுக்கு" என்பார். சொல்வது சரிதான், சட்டம் அங்கே பதிவான வண்டிகளுக்குத்தான். அந்தத் தைரியத்தில்தான் ஜனவரியில் தங்கச்சி மகளின் சாமத்தியவீட்டுக்கு மொன்றியல் புறப்படுகிறார். கறுப்பு ஐஸும் நம்பர் பிளேற்றைப் பார்த்துத்தான் சறுக்கிவிடும் போலிருக்கிறது.

உண்மையில் அண்ணைக்குப் பௌதிகத்தில் தகராறு இல்லை. அவருடைய தகராறு கணக்கில். "இனி வின்ரருக்குப் பயப்பட வேண்டாம்" என்று சொல்லித்தான் விற்பனையாளன் இந்த வண்டியை அவர் தலையில் கட்டினான். ஒருமுறை காசு கட்டித் தீர்த்த குளிருக்கு மறுபடியும் எதற்குக் கட்டுவது? இப்போது ரயர் வாங்கினால் அன்றைக்கு அவன் பேய்க்காட்டிவிட்டான் என்றல்லவா ஆகும்!

மருமகன் கணக்காளர். அவரும் கணக்காலேயே மடக்கிப் பார்த்தார். ஒரு செற் ரயர் ஓடும்போது மற்றது ஓய்வெடுக்கும், இரண்டும் கூடக் காலம் உழைக்கும். வின்ரர் ரயர் போட்டால் இன்சூரன்ஸ்காரர் கழிவு கொடுக்கவேண்டும் என்று ஒன்ராறியோவில் 2016 முதல் விதியும் இருக்கிறது என்றார். அண்ணை தொலைபேசியில் கணக்குப் போட்டுவிட்டுக் கேட்டார்: "ரெண்டு மட்டும் போட்டால் காணாதோ?" முன்னுக்குப் பிடித்துப் பின்னுக்கு விட்டால் வண்டியின் பின்பக்கம் முன்னுக்கு வந்துவிடும் என்று ரயர் கடைக்காரர் மறுத்துவிட்டார். மலை முத்திரையோடு வருடம் முழுக்க ஓடும் ரயரும் உண்டு, அது நடுவழி. விலையைக் கேட்டதும் அண்ணை நடுவழியிலேயே இறங்கிவிட்டார்.

முதல் ஸ்நோ விழுந்த மறுநாள் ரயர் கடையெல்லாம் தேர்த்திருவிழா. அன்றைக்குத்தான் அண்ணை தொலைபேசி எடுப்பார். மூன்று கிழமை பொறுக்கவேணும் என்பார்கள். "அதுக்குள்ளை மார்கழி முடிஞ்சிடும். பிறகு ரெண்டு மாதம்தானே." மாசி வந்தால், "இனி என்னத்துக்கு? வெயில் வரப்போகுது."

மனிசி சொல்லி அலுத்துப்போனார். மொன்றியல் பயணத்தில் வண்டி ஒருமுறை தன்பாட்டில் வீதியோரப் பனிமேட்டைப் பார்க்கப் போனதும் அண்ணையை அசைக்கவில்லை. ஆனால் மகளுக்கு ஜி-2 லைசென்ஸ் கிடைத்து, "அப்பா, வின்ரரிலை உங்கடை வண்டியைக் கம்பஸுக்குக் கொண்டுபோகட்டோ?" என்று கேட்ட அன்று பின்னேரமே, இரும்பு றிம்மோடு நாலு வின்ரர் ரயர் வந்து இறங்கின. பேரம் கூடப் பேசவில்லை. "எனக்கெண்டால் தேவையில்லை. பிள்ளை ஓடுறபடியாலை" என்று மட்டும் ஊருக்கு அறிவித்தார்.

சித்திரை பிறந்து குளிர் விட்டதும் எல்லோரும் ரயர் மாற்றினார்கள். ஜூலை மாதப் பிக்னிக்குக்கு, 30 பாகை வெயிலில், அண்ணை அதே வின்ரர் ரயரோடு வந்து இறங்கினார். சூட்டில் அந்த இளக்கமான றப்பர் மளமளவென்று தேய்ந்துவிடுமே அண்ணை என்று மருமகன் தலையில் கை வைத்தார்.

"என்ன கதை கதைக்கிறாய்? ஆயிரத்துச் சொச்சம் டொலர் குடுத்து வாங்கினது. கராஜிலை சும்மா கிடக்கவோ?"