கைக்காஜா

பென்சில்வேனியாவுக்குக் குடிவந்த புதிதில், அக்கம்பக்கத்தில் நல்ல பெயர் எடுக்க எதற்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு ஆட்டல் என்னை ஜூலை வெயிலில் கம்பளிப் பேண்ட்டுக்குள் கொண்டுபோய் விட்டது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863-ல் நடந்த கெட்டிஸ்பர்க் சண்டையை அந்த ஊர்ப்பக்கம் வருஷா வருஷம் நடித்துக் காட்டுவார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் அதில் வடக்குப் படைச் சிப்பாய். ஒரு ஆள் குறைகிறதாம்.

தலையாட்டிவிட்டு, "சீருடைப் பேண்ட்டைக் காட்டனில் தைத்துக்கொள்ளட்டுமா?" என்றேன். செருப்போடு கருவறைக்குள் நுழைந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். 1861 டிசம்பர் ராணுவ உத்தரவுப்படி பேண்ட்டின் நிறம் வான்நீலம். துணி, கெர்சி என்கிற முரட்டுக் கம்பளி. மாற்றிப் போடுகிறவனுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஃபார்ப்'. ஊரில் இதைவிடப் பச்சையாகவே வாங்கியிருக்கிறேன், இவ்வளவு அருவருப்போடு யாரும் திட்டியதில்லை.

பேண்ட் வந்தது. ஜிப் இல்லை, லூப் இல்லை, பின்பாக்கெட் இல்லை. இடுப்பு தொப்புளைத் தாண்டி ஏறிவிட்டது. தூக்கி நிறுத்த சஸ்பெண்டர் வேண்டும். அதை அன்றைய சர்க்காரே கொடுக்கவில்லை, சிப்பாய் கைக்காசில்தான் வாங்கினான்; நானும் வாங்கினேன். பின்னால் ஒரு பிளவு, இரண்டு ஓட்டை, ஒரு கயிறு. என் கை அங்கே எட்டவில்லை. கட்டிவிட்ட மனைவி, "ஏங்க, என் பாவாடை நாடாவை நானேதானே கட்டிக்கிறேன்?" என்றாள்.

விலையைக் கேட்டால் தலை சுற்றும். மெஷின் காஜா ஒரு விலை, கைக்காஜா என்றால் கூடுதல். அந்தக் காலத்தில் பிலடெல்ஃபியா ஸ்கூல்கில் ஆயுதக் கிடங்கில் துணியை வெட்டிக் கட்டாகக் கொடுப்பார்கள். பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையால் தைத்துக் கொடுத்தார்கள், சொற்பக் கூலிக்கு. அந்தத் தையலை அப்படியே காப்பியடிக்க இன்று மாசச் சம்பளத்தில் துண்டு விழுகிறது. எங்கள் தெரு டெய்லர் கையால் காஜா எடுத்திருந்தால் "மெஷின் ரிப்பேரா அண்ணே?" என்று கேட்டிருப்பேன்.

போருக்கு முன்னால் பெரியவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு என் இடுப்பருகே குனிந்தார். காஜாவின் நூலை நகத்தால் நெருடிப் பார்த்து, ஒன்று, இரண்டு என்று தையலை எண்ணினார். குடும்பஸ்தன் நான், வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்தாவது நிமிஷத்தில் சாகச் சொல்லியிருந்தார்கள், செத்தேன். நிழலே இல்லாத புல்வெளி. கெர்சி தொடையை அரித்தது. பிணம் சொறியக் கூடாது.

தெற்குப் படைக்காரன் ஒருவன் துப்பாக்கியோடு என்னைத் தாண்டினான். நின்றான். திரும்பி வந்து குனிந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "கைக்காஜாவா?" என்று கிசுகிசுத்தான்.

செத்த நிலையிலும் மெல்லத் தலையாட்டினேன்.