3,000 அடி உயரத்தில் கேக் ஆன்ட்டி

லிங்கராஜபுரத்தில் எந்தக் கிராஸுக்குள் நுழைந்தாலும் ஒரு கேக் ஆன்ட்டி அகப்படுவார். வீட்டு நம்பர் தேவையில்லை. பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால், முந்தின நாள் சாயங்காலமே வெண்ணெயும் வெனிலா எசன்ஸும் கலந்த வாசனை தெருமுனைக்கு வந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடும். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். நைட்டியின் தோளில் ஒரு துண்டு, துண்டில் மைதா. வீட்டில் தமிழ், காய்காரரிடம் கன்னடம், கேக்கிடம் மட்டும் இங்கிலீஷ். ஓவன் முன்னால் குனிந்து நின்று, "ரைஸ் டார்லிங், ரைஸ்" என்று அவர் கெஞ்சும்போது, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லையே என்று அங்கிளின் முகம் வாடும்.

கேக் கிடைக்காத ஊரா இது? சிக்பேட்டையில் ஹாசன் பக்கத்திலிருந்து வந்த ஐயங்கார் சகோதரர்கள் 1898இல் பி.பி. பேக்கரியைத் தொடங்கினார்கள். அதற்கப்புறம் பெங்களூரில் ஐயங்கார் பேக்கரி இல்லாத தெருமுனை அபூர்வம். பக்கத்திலேயே ஃப்ரேசர் டவுன் மாஸ்க் ரோட்டில் ஆல்பர்ட் பேக்கரி 1902 முதல் அடுப்பை அணைத்தபாடில்லை. ஆன்ட்டி இவர்களுக்கெல்லாம் விரோதி இல்லை. பன், காரா பிஸ்கட், தில்பசந்த் எல்லாம் தாராளமாக வாங்குவார். பிறந்தநாள் கேக் என்று மட்டும் யாராவது வாயைத் திறந்தால் தீர்ந்தது. "கடைக் கேக்குக்கு யாரோட பொறந்தநாள்னு தெரியுமா?" என்பார். தெரியாதுதான். பதில் சொல்ல யாரால் முடியும்?

ஆதாரம், அம்மா விட்டுப்போன ஒரு நோட்டுப் புத்தகம். அட்டை போய்விட்டது, பக்கங்களில் நெய்க்கறை. செய்முறை அதில் ஒன்றே ஒன்றுதான், மீதியெல்லாம் பால் கணக்கு. அம்மாவிடம் எடைக்கல் இருந்ததில்லை. தராசின் ஒரு தட்டில் முட்டைகளை வைத்து, மறு தட்டில் சர்க்கரையைக் கொட்டி, முள் நேரே நின்றதும் நிறுத்துவார். பிறகு அதே எடைக்கு மைதா, அதே எடைக்கு வெண்ணெய். இங்கிலீஷ்காரர்கள் எல்லாவற்றிலும் ஒரு பவுண்டு போட்டுச் செய்த பவுண்டு கேக்கின் கணக்கும் இதுதான். கன்டோன்மென்ட்டிலிருந்து எந்தச் சமையலறை வழியாகவோ இந்தப் பக்கம் வந்து சேர்ந்திருக்கும். முட்டை சிறிதானால் கேக் சிறிது, பெரிதானால் பெரிது. கணக்கு பிசகவே பிசகாது. இன்று ஆன்ட்டி வீட்டில் டிஜிட்டல் தராசு இருக்கிறது. நாலு முட்டை சுமார் 200 கிராம் என்று அது காட்டும். ஆன்ட்டி அதைப் பார்த்துவிட்டு, "அப்படியா?" என்று ஒரு சந்தேகப் பார்வை பார்ப்பார்.

அடிப்பது அங்கிளின் இலாகா. மகன் துபாயிலிருந்து வாங்கி வந்த பீட்டர், கவர்கூடப் பிரிக்காமல் பீரோ மேல் இருக்கிறது. கை சூடு வெண்ணெய்க்குப் போனால்தான் கேக் மெத்தென்று வரும் என்பது சித்தாந்தம். கை அங்கிளுடையது, சித்தாந்தம் ஆன்ட்டியுடையது. ஒரே திசையில்தான் அடிக்க வேண்டும். நடுவில் போன் வந்தால் எடுக்கக் கூடாது. டிசம்பர், ஜனவரியில் பிறந்த பேரப்பிள்ளைகள் என்றால் அங்கிளுக்கு இரட்டைச் சோதனை: பெங்களூர்க் குளிரில் வெண்ணெய் கல்லாக நிற்கும். அதை இன்வெர்ட்டர் தலையில் உட்காரவைத்து இளக்குவார்கள்.

பேக்கிங் பவுடரை அதிகம் போட்டால் இந்தப் பாடெல்லாம் வேண்டாமே என்று அங்கிள் ஒருமுறை படித்துவிட்டு வந்து வாதாடினார். அதைக் கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற பர்மிங்காம் மருந்துக் கடைக்காரர், வருஷம் 1843. அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. அவளுக்காகவே ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி உப்ப வழி தேடியிருக்கிறார். "பாரு, பொண்டாட்டிக்காக அந்த மனுஷன் பவுடரே கண்டுபிடிச்சான்."

"நீங்க கண்டுபிடிக்க வேணாம். அடிங்க, போதும்."

ஆனால் பவுடர் விஷயத்தில் ஆன்ட்டி பக்கம் நியாயம் இருக்கிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, தண்ணீரே 97 டிகிரியில் கொதித்துவிடும். மாவுக்குள் இருக்கும் வாயு சென்னையில் உப்புவதைவிட இங்கே சுறுசுறுப்பாக உப்பும். முட்டையும் மைதாவும் வெந்து கெட்டிப்படுவதற்குள் கேக் தலை தூக்கிவிட்டு, பிடிமானம் இல்லாமல் நடுவில் பொத்தென்று உட்கார்ந்துவிடும். அதனால்தான் மேட்டுப் பிரதேசத்துக்காரர்கள் பவுடரைக் குறைத்து, சூட்டைக் கொஞ்சம் ஏற்றுவார்கள். ஆன்ட்டிக்கு இந்த விஞ்ஞானம் ஒரே வாக்கியம்தான்: "மெட்ராஸ் ரெசிபி இங்க வேலைக்காகாது." சென்னை நாத்தனார் வந்து தங்கும்போது இந்த வாக்கியம் சற்று உரக்க வரும்.

ஓவன் என்றால் அந்தக்கால வட்ட அலுமினிய ஓவன். மூடியில் ஒரு கண்ணாடி ஜன்னல், சூட்டைக் கூட்டக் குறைக்க ஒன்றும் கிடையாது. ஆன்ட்டி உள்ளே கையை நீட்டிப் பார்த்து 180 டிகிரி என்று அறிவிப்பார். ஆட்சேபிக்கத் தைரியம் உள்ளவர்கள் தங்கள் கையை நீட்டலாம். தட்டு உள்ளே போனதும் வீட்டில் ஊரடங்கு. கதவை அறையக் கூடாது, பிள்ளைகள் குதிக்கக் கூடாது, தும்மலைக்கூட வராந்தாவில் வைத்துக்கொள்ள வேண்டும். கேக் அமுங்கிவிட்டால் காரணம் எப்போதும் வெளியே இருக்கும்: கேட்டைச் சாத்திய பேப்பர் பையன், எங்கோ போன ரயில், அல்லது சரியாக இருபதாவது நிமிஷம் போன கரண்ட். தானே நாலு தடவை மூடியைத் தூக்கிப் பார்த்தது அந்தப் பட்டியலில் சேராது. வெந்துவிட்டதா என்று பார்க்க, புதுத் தென்னந்துடைப்பத்திலிருந்து உருவிக் கழுவிய ஈர்க்குச்சி. அதில் மாவு ஒட்டாமல் வந்தால் ஆன்ட்டி அதைக் கொடி மாதிரி உயர்த்திக்கொண்டு ஹாலுக்கு வருவார்.

நடுவில் குழி விழுந்த கேக்கைக் குப்புறக் கவிழ்ப்பதில் தொடங்குகிறது அலங்காரம். நந்தினி பால் கவரைக் கழுவிக் காயவைத்து, மூலையைக் கத்தரித்தால் ஐசிங் பிழியும் கோன் தயார். மெல்போர்னில் இருக்கும் அக்கா, ஆஸ்திரேலியன் விமன்ஸ் வீக்லி 1980இல் போட்ட குழந்தைகள் பிறந்தநாள் கேக் புத்தகத்தை ஒருதடவை கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து லட்சியங்கள் பெருத்துவிட்டன. அந்த ஊரில் பிள்ளைகள் வருஷா வருஷம் அதைப் புரட்டித் தங்கள் கேக்கைத் தேர்ந்தெடுப்பார்களாம். இங்கேயும் பேரன் தேர்ந்தெடுத்தான்: ஜெல்லி ஊற்றிய நீச்சல்குளம். சுவராக நிற்கவேண்டிய பிஸ்கட்டுகள் ராத்திரியோடு ராத்திரியாக நமத்து, குளம் உடைந்து, ஃப்ரிஜ்ஜின் கீழ்த்தட்டில் இருந்த கொத்தமல்லிக் கட்டு வரை வெள்ளம். மறுவருஷம் டைனோசர் கேட்டான். வந்தது எருமை. "டைனோசரோட அம்மா இப்படித்தான் இருக்கும்," என்று ஆன்ட்டி சமாதானம் சொல்ல, அவனும் ஏற்றுக்கொண்டான். அவனுக்கு வால் பக்கம் வேண்டியிருந்தது.

பெயர் எழுதுவதுதான் கடைசிக் கண்டம். 'ஹேப்பி பர்த்டே'யைத் தாராளமாக எழுதி முடித்த பிறகுதான் பிள்ளைக்குப் பெயர் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரும். இந்தக் காலத்துப் பெயர்கள் வேறு குறைந்தது ஐந்து எழுத்து. முதல் மூன்றும் மேலே நிற்க, மீதி கேக்கின் விளிம்பில் வழுக்கி இறங்கும். கேட்டால் ஊர்ப் பொதுமந்திரம்: "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி."

வெட்டுவது, பாடுவது, மூக்கில் ஐசிங் பூசுவது எல்லாம் ஐந்து நிமிஷக் கூத்து. மறுநாள் காலைதான் தெருவுக்குச் சோதனை. எவர்சில்வர் டப்பாக்களில் ஆளுக்கு இரண்டு துண்டு வரும். "இந்தத் தடவை சரியா வரல," என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். "சேச்சே, பிரமாதம்," என்று மூன்று தடவையாவது மறுத்தால்தான் நகர்வார். டப்பாவை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது எழுதாத சட்டம். சர்க்கரையோ, நாலு வாழைப்பழமோ போட்டுக் கொடுப்போம். மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஐ.டி. கம்பெனித் தம்பதிக்கு இது பாதிதான் தெரிந்திருந்தது. டப்பாவைப் பளபளவென்று விளக்கி, உள்ளே பேக்கரி கேக் ஒரு துண்டு வைத்து அனுப்பிவிட்டார்கள்.

தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆன்ட்டி டப்பாவைத் திறந்தார், முகர்ந்தார், நின்ற இடத்திலேயே முழுத் துண்டையும் தின்று முடித்தார். விரலையும் சூப்பிக்கொண்டு, மேல்மாடிக்குக் கேட்கும்படி அங்கிளிடம் சொன்னார்:

"பேக்கிங் பவுடர் ஜாஸ்தி."