‘வேண்டும்’ என்றால் என்ன ஐயா?

அனுப்புநர்: சி மொழியில் வயிறு வளர்ப்பவன்
பெறுநர்: சி மொழித் தரநிலைக் குழுவினர், டபிள்யூஜி14, ஐஎஸ்ஓ
பொருள்: ‘வேண்டும்’ என்ற சொல்லுக்கு விளக்கம் வேண்டுதல் தொடர்பாக

மதிப்புக்குரியீர்,

தங்கள் தரநிலையின் 4ஆம் பிரிவைப் படித்தேன். தாங்கள் எழுதிய ‘வேண்டும்’ ‘கட்டுப்பாடுகள்’ என்ற தலைப்பின் கீழ் வந்தால், மீறியவனிடம் கம்பைலர் ஒரு வார்த்தையாவது சொல்லியாக வேண்டும். அதே சொல் வேறு பத்தியில் வந்தால் மீறல் ‘வரையறுக்கப்படாத நடத்தை’. கம்பைலர் வாயே திறக்க வேண்டாம். சரி, போகட்டும். ஒன்றைப் பற்றித் தாங்கள் எதுவுமே எழுதாமல் விட்டாலும் அதுவும் அதே கணக்குதானாம், அழுத்தத்தில் வேறுபாடில்லையாம். மௌனம் சம்மதம் என்பார்கள். தங்கள் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது கம்பைலர், மாட்டிக்கொள்வது நான்.

1999 பதிப்பின்படி, காலியாக இல்லாத கோப்பு புதுவரிக் குறியில் முடிய வேண்டும். கடைசியில் எண்டர் தட்ட மறந்தவனுக்கும் தனக்குச் சொந்தமில்லாத மெமரியில் எழுதியவனுக்கும் ஒரே செக்‌ஷனில் வழக்கு. வண்டியில் லைட் எரியாததற்கும் ஆளை ஏற்றிக் கொன்றதற்கும் எந்தப் போலீஸும் ஒரே ரசீது போடுவதில்லை.

என் உண்மையான மனக்குறை வேறு. 1989 பதிப்பில், வரையறுக்கப்படாத நடத்தை என்றால் ‘அனுமதிக்கத்தக்கவை’ எவை என்று ஒரு வாக்கியம் இருந்தது: கண்டுகொள்ளாமல் விடலாம், அந்த இயந்திரத்தின் வழக்கப்படி நடந்து அதை எழுதி வைக்கலாம், பிழை சொல்லி நிறுத்தலாம். 1999இல் ‘அனுமதிக்கத்தக்கவை’ ‘சாத்தியமானவை’ ஆயிற்று. வாக்கியமும் ‘குறிப்பு’ என்று கீழே இறங்கியது. குறிப்புக்குச் சட்ட வலு கிடையாது. இதனால் பொருள் ஒன்றும் மாறவில்லை என்று சாதிப்பவர்கள் உண்டு. மாறவில்லை என்றால் மாற்றுவானேன்?

2009இல் லினக்ஸ் கெர்னலின் ‘டன்’ டிரைவரில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். ஒரு பாயின்டர் காட்டும் இடத்திலிருந்து முதலில் மதிப்பை எடுத்துவிட்டு, அந்தப் பாயின்டர் ‘நல்’லா (எதையும் காட்டாததா) என்று அதன்பின் சோதித்திருந்தார்கள். கம்பைலர் யோசித்தது: ‘ஏற்கெனவே தொட்டாயிற்று. நல்லைத் தொடுவது வரையறுக்கப்படாதது. ஆகவே இது நல் அல்ல. ஆகவே சோதனை தண்டம்.’ சோதனையைச் சத்தமில்லாமல் தூக்கியது. சாதாரணப் பயனர் ரூட் ஆகும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. உள்ளே நுழைந்தபின் கதவைத் தட்டியது எழுதியவர் தவறுதான், மறுக்கவில்லை. கதவையே கழற்றிக்கொண்டு போக உத்தரவு கொடுத்தது யார்? அதன்பின் நல் சோதனைகளை நீக்காதே என்று கம்பைலருக்குத் தனியே ஒரு கொடி காட்டித்தான் கெர்னலைக் கட்டுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. குறியுள்ள முழு எண் நிரம்பி வழிந்தால் என்ன ஆகும் என்று ஏன் சொல்லவில்லை என்றால், எதிர்ம எண்ணை இயந்திரங்கள் மூன்று விதமாக வைக்கலாமே என்றார்கள். சி23இல் இரண்டின் நிரப்பி ஒன்றே போதும் என்றாயிற்று. காரணம் காலாவதியானது, வழிவது மட்டும் இன்றும் வரையறுக்கப்படாதது.

ஆகவே, அடுத்த பதிப்பிலாவது அந்தப் பழைய ‘அனுமதிக்கத்தக்கவை’ வாக்கியத்தை விதியாக மீண்டும் ஏற்ற வேண்டுமாய்த் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த ‘வேண்டும்’ எந்தக் கட்டுப்பாட்டுத் தலைப்பின் கீழும் இல்லை என்பது தெரிந்தே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
(குறியுள்ளவன், இன்னும் வழியவில்லை)

இணைப்பு: கடைசி வரிக்குப் பின் ஓர் எண்டர்.