நண்டு ஓட்டுக்கு வந்த வாழ்வு

ஏலே பேராண்டி, இங்க வா. அம்மைக்கு முட்டி வலின்னு டவுன்ல டப்பா வாங்கிட்டு வந்திருக்கியாமே? குளுக்கோசமைனாம், காண்ட்ராய்டினாம். பேரச் சொல்லி முடிக்கதுக்குள்ள வாய் வலிக்கே, அதுக்கு என்ன மாத்திரை?

அத எதுலருந்து எடுக்கான்னு கேட்டியா? குளுக்கோசமைன் முக்காவாசி நண்டு ஓடு, இறால் ஓடு. அம்மை கொழம்பு வச்சுட்டுக் குப்பையில கொட்டுனத நீ ஆயிரம் ரூவா குடுத்துத் திரும்ப வாங்கியிருக்க. சமத்துதான்! காண்ட்ராய்டின் மாட்டுக் குருத்தெலும்பு, சுறாக் குருத்தெலும்பு. வெள்ளிக்கிழமை கவுச்சி தொடாத மகராசி அவ. தெரிஞ்சா டப்பாவ ஒன் தலையிலயே கவுத்துவா.

அமெரிக்காக்காரன் 1,583 பேருக்கு மாத்திரை குடுத்து ஆறு மாசம் பாத்தான். 2006-ல முடிவு வந்துச்சு. மொத்தமாப் பாத்தா இந்த ரெண்டுக்கும் வெத்து மாத்திரைக்கும் பெருசா வித்தியாசமில்ல. வெத்து மாத்திரை முழுங்குனவங்கள்ல 100-க்கு 60 பேரு வலி கொறஞ்சிருச்சுன்னுட்டாங்க! அப்ப நம்மூரு கோடாங்கி துன்னூறு என்ன பாவம் பண்ணிச்சு? அது ஓசியாச்சே.

டப்பா துட்டத்தான் திங்கும். மருந்துக்கடையில கேட்ட ஒடன குடுக்கானே டைக்ளோபினாக், அது கிட்னியத் திங்கும். வலி நிக்கும், நெசந்தான். கூடவே வயித்துப் புண்ணும் வரும். இந்த மருந்து போட்ட மாடு செத்து, அதத் தின்ன பிணந்தின்னிக் கழுகெல்லாம் கிட்னி கெட்டுக் கூண்டோட போச்சு. 2006-ல மாட்டுக்குப் போடக் கூடாதுன்னு சர்க்காரே தடை போட்டுச்சு. மனுசன் கழுகு இல்ல, சரி. அதுக்காவ டாக்டரக் கேக்காம தெனம் ரெண்டு முழுங்கணுமாலே? அதே மருந்து களிம்பா வருதே. முட்டியில தடவுனா ரத்தத்துல கொஞ்சந்தான் சேரும். மொதல்ல அதக் கேளு.

துட்டு செலவில்லாத வைத்தியம் ஒண்ணு இருக்கு. அம்மைய நாக்காலியில ஒக்கார வச்சு ஒரு கால நேரா நீட்டச் சொல்லு. தொடைச் சதை கல்லா இறுகும். அஞ்சு எண்ணி மெள்ள எறக்கட்டும். காலுக்குப் பத்துத் தடவ. தொடை வலுத்தா முட்டிக்குச் சொமை கொறையும். ஒடம்புல ஒரு கிலோ எறங்குனா எட்டு வைக்கும்போதெல்லாம் முட்டி மேல நாலு கிலோ எறங்குதாம், அதையும் அமெரிக்காக்காரன்தான் அளந்து சொன்னான். ஆனா இத டப்பாவுல அடைச்சு விக்க முடியாதே, எவன் வெளம்பரம் போடுவான்?

நாளைக்குக் காலையில அம்மை கால நீட்டட்டும், நீ பக்கத்துல நின்னு எண்ணு. பெரிய படிப்பு படிச்சவன், அஞ்சு வரைக்கும் எண்ண வருமில்லா?