டேப்பு கழுத்திலே, வலி முட்டியிலே

முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் பனியனின் கழுத்து அகலம் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் செக்கிங் மேஜையில் பஞ்சாயத்துக் கூடிவிடும். அந்த இன்ச் டேப்பை மாலையாகப் போட்டபடியேதான் எங்கள் செக்கிங் அண்ணன் புது கியர் சைக்கிளில் வருகிறார். சீட்டு மட்டும் கடைக்காரர் வைத்துக்கொடுத்த உயரத்திலேயே. மிதிக்க மிதிக்க முழங்கால் ஹேண்டில்பாரை நலம் விசாரித்துவிட்டுப் போகிறது.

மூன்றாம் வாரம் முட்டியின் முன்பக்கம் வலி. தைலம், முட்டி உறை, "வயசாச்சுங்க" என்ற தீர்ப்பு, எல்லாம் ஆயிற்று. சைக்கிள்மேல் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

"ஏனுங்ண்ணா, குதிகாலைப் பெடல்ல வெச்சுக் கீழ இறக்குங்க. காலு நேரா நீளோணும்" என்றேன்.

அவர் கால் மடங்கியே நின்றது. முன்பாதத்தால் மிதிக்கும்போது, பெடல் அடியில் இருக்கையில் முட்டியில் 25 முதல் 35 டிகிரி மடக்கு போதும். சீட்டு தாழ்ந்தால் முட்டிச்சில்லு பாரம் சுமக்கும். ரொம்ப ஏற்றினாலோ இடுப்பு ஆடும், வலி முட்டிக்குப் பின்னால் குடிபோகும்.

"காலு தரைல எட்டோணுமே தம்பி?"

"நிக்கறப்போ சீட்ட விட்டு எறங்கிக்கோங்ண்ணா."

முதலில் அரை இன்ச் ஏற்றினோம். மறுநாள் பார்த்தால், டேப்பைக் கழற்றிச் சீட்டுக் கம்பியை அளந்துகொண்டிருக்கிறார்.

"இதுக்கு டாலரன்ஸ் எவ்வளவு தம்பி?"